பதினேழு தப்படி

கேள்வி:

அன்புள்ள அம்மா,

நான் சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் பெத்தநாயக்கன்பாளையம் பக்கம். கடந்த மாசியில் அப்பா இறந்துவிட்டார். வயது 67. விடியற்காலையில் மோட்டார் போட்டுவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்தவர், எழவில்லை. எங்கள் மூன்று ஏக்கரும் அவர் பாக்குத் தோப்புகளில் கூலி வேலை பார்த்துச் சேர்த்த காசில் துண்டு துண்டாக வாங்கியது. இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), மீதியில் மஞ்சளும் கொஞ்சம் காய்கறியும். இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தாலும் எழுந்து தண்ணீர் கட்டப் போவார். அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். 'அவரைப் போல ஓர் உழைப்பாளியைப் பார்க்க முடியாது' என்று ஊரே சொல்கிறது.

வருகிற மாசியில் வருஷ திதி. அதற்குள் எங்கள் காட்டின், அதாவது அந்த நிலத்தின், மூலையில் மூன்று லட்சம் ரூபாய் செலவில் கிரானைட் மண்டபம் கட்ட வேண்டும் என்கிறார் அண்ணன். அவர் வெளியூரில் இருக்கிறார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். எனக்கு மண்டபத்தில் மனம் ஒட்டவில்லை. வேறு என்ன செய்வது என்றும் சொல்லத் தெரியவில்லை. அப்பா குறிப்பு எழுதிவைத்த காலண்டர் தாள்கள் ஒரு கம்பியில் குத்திக் கிடக்கின்றன. அவற்றைச் சட்டம் போட்டு மாட்டலாமா? அம்மா இன்னமும் தினம் ஐந்து மணிக்குக் காட்டுக்குப் போய்விடுகிறார். எட்டு மணிக்கு வந்து சாப்பிடுகிறார். 'புத்தி பேதலித்துவிட்டது, சேலத்துக்கு அழைத்துப் போய்விடு' என்கிறார்கள் உறவினர்கள்.

என்னை அறுப்பது இன்னொன்று. பொங்கலுக்குப் போனபோது, 'காட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் அப்பா' என்றேன். 'பார்க்கலாம் கண்ணு' என்றார். மறு வாரமே கிழங்கு நட்டுவிட்டார். நேரில் நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். அவரை நான் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்களை அறுக்கிற அந்த ஒரு பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். அது ஆறாமல் மற்ற எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

நம் பக்கத்தில் ஒரு விவசாயி 'பார்க்கலாம் கண்ணு' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். விற்க மாட்டேன் என்று பொருள். நீ கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான் என்றும் பொருள். மனம் நொந்தவர் 'கண்ணு' என்று சொல்ல மாட்டார், பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார். உங்கள் அப்பா எழுந்து போகவில்லை. மகள் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டார், மறு வாரம் தன் விருப்பப்படி கிழங்கு நட்டார். அவர் காட்டில் அவர் முடிவு செய்தார். அப்பாவுக்கு வயதாகிறதே என்ற கவலையில் ஒரு மகள் கேட்டது தவறாகாது. அதற்கு அவர் அப்படிப் பதில் சொன்னதிலும் தவறில்லை. இதைப் போய் எட்டு மாதமாகக் குற்றம்போல் சுமக்கிறீர்களே!

அடுத்து, உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். தையில் அவர் நட்ட கிழங்கு இப்போது என்ன ஆயிற்று? குச்சிக்கிழங்கு பத்து மாதப் பயிர். மாசியில் அவர் போனபோது அது தளிர்விட்டு ஒரு முழம்கூட வளர்ந்திருக்காது. இந்த ஐப்பசியில் ஆள் உயரம் தாண்டி நிற்கும். கார்த்திகையில் பிடுங்க வேண்டும். இத்தனை மாதம் அதற்குக் களை எடுத்தது யார்? மண் அணைத்தது யார்? தண்ணீர் கட்டியது யார்?

இதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்பி வருகிறவர்தான்.

இதற்கு மேல் போகும் முன் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு அயோத்தியாப்பட்டணம் தாண்டி, குப்பனூர்ப் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருந்தது. அப்பாவுக்கு மாந்தோப்பு. கீழ்க்காட்டில் கிணறு, மேல்காட்டில் மரங்கள். நடுவில் அவரே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்திருந்தார். அவர் இறந்த மூன்றாவது வாரம் மேல்காட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் ஓடுகிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மேலே ஒரு சொட்டு வரவில்லை. வழியில் எங்கோ மண்ணுக்குள் ஒரு வால்வு இருக்கிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. இரண்டு ஆள் வைத்து இரண்டு நாள் தோண்டினோம். தோப்பு முழுக்கக் குழி. பங்குனி வெயிலில் மாம்பிஞ்சுகள் காம்பு சுருங்கி உதிர்ந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். அப்பாவிடம் பல வருடம் வேலை பார்த்தவர். மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் காரியத்துக்கு வர முடியவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே குழிகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வேப்பமரத்தில் முதுகை ஒட்டி நின்றார். புளியமரத்தைப் பார்த்தபடி ஒவ்வோர் அடியாக வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். பதினேழாவது அடியில் நின்று குதிகாலால் மண்ணைத் தட்டி, 'இங்கே' என்றார். ஒரு முழ ஆழத்தில் வால்வு இருந்தது. அதன்மேல் ஒரு பழைய அலுமினியச் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது, மண் போய் அடைக்காமல் இருக்க. எங்கள் வீட்டில் ரொம்ப நாளாகக் காணாமல் தேடிய சட்டி அது.

அப்பா இறந்த அன்று நான் அழவில்லை. அந்தச் சட்டியைக் கையில் வாங்கியபோது அழுதேன். பதினாறாம் நாள் வந்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் 'நல்ல மனிதர், நல்ல உழைப்பாளி' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினேழு தப்படி என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

'உழைப்பாளி' என்ற சொல்லில் எனக்கு மனம் நிறையாததற்குக் காரணம் அதுதான். பொய்யான சொல் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு மனிதரை முழுசாகப் புதைத்துவிடலாம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து போனார் என்கிறோம். போய் என்ன செய்தார்? எந்த மடையை முதலில் திருப்பினார்? மேட்டுப் பாத்தியில் தண்ணீர் நிற்காமல் ஓடுமே, அதற்கு என்ன வழி வைத்திருந்தார்? மஞ்சளுக்கு எப்போது மண் அணைத்தார், எந்த வியாபாரியிடம் ஏன் கொடுக்காமல் விட்டார்? உழைப்பு அவர் உடம்போடு போய்விட்டது. அந்த மூன்று ஏக்கரைப் பற்றி அவருக்கு மட்டும் தெரிந்திருந்த சங்கதிகள் இன்னும் சில பேரிடம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் அம்மாவிடம், பக்கத்துக் காட்டுக்காரரிடம், கிழங்கு பிடுங்க வருகிற ஆட்களிடம், உரக்கடைக்காரரிடம். இரண்டு மூன்று வருடம் போனால் அவர்களுக்கும் மறந்துவிடும்.

எனவே காலண்டர் தாள்களைத் தயவுசெய்து சட்டம் போட்டு மாட்டாதீர்கள். மாட்டினால் மேலே இருக்கிற ஒரு தாள்தான் தெரியும். கம்பியோடு எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு தாளாக வாசித்துக் காட்டுங்கள். நம் பக்கத்து விவசாயிகள் எழுதுகிற குறிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: 'கீழ்க்காடு பாதி, மோட்டார் நின்றது', 'லோடு போனது, பாயிண்ட் 27'. பாயிண்ட் என்பது கிழங்கில் இருக்கிற மாவுச்சத்தின் அளவு, அதை வைத்துத்தான் சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், விலை போடுகிறார்கள் என்று கணக்கு எழுதுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடம் பாயிண்ட் ஏறியிருக்கும், ஒரு வருடம் இறங்கியிருக்கும். ஏன் என்று அம்மாவைக் கேளுங்கள். 'அந்த வருடம் மழையில் பிடுங்கினோம்' என்பார். 'அந்த வருடம்தான் உனக்குக் கல்யாணம், அவசரப்பட்டு எட்டு மாதத்தில் எடுத்துவிட்டோம்' என்றுகூடச் சொல்லலாம்.

2020-க்குப் பிறகு நம் மாவட்டத்துக் கிழங்குக் காடுகளை மாவுப்பூச்சி சூறையாடியது உங்களுக்கு நினைவிருக்கும். நுனியெல்லாம் கொத்தாகச் சுருண்டு வெள்ளை வெள்ளையாய் நின்ற காலம். அதற்கு எதிரியான சிறு குளவியை ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்து, 2022-இல் உங்கள் ஊருக்குப் பக்கத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் விட்டார்கள். அந்த இரண்டு மூன்று வருடத்துத் தாள்களைத் தனியாக எடுத்துப் படியுங்கள். எழுதிய வரிகளை மட்டுமல்ல, ஒன்றும் எழுதாமல் விட்ட வாரங்களையும் கவனியுங்கள். மனம் விட்டுப்போன நாட்களில் மனிதர்கள் பேனாவை எடுப்பதில்லை.

படித்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். அழகான நடையெல்லாம் வேண்டாம், கணக்குப் புத்தகம்போல் எழுதினால் போதும். அதோடு கைபேசியில் அம்மாவின் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். காட்டில் நடந்துகொண்டே பேசச் சொல்லுங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் 'என்னத்தைச் சொல்ல' என்று நிறுத்திவிடுவார். வரப்பில் கால் வைத்தால் தானாக வரும்.

இனி அம்மாவைப் பற்றி. கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அப்பா விவசாயி, அம்மா டார்ச் பிடிக்கிறவர். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் மோட்டார் கொட்டகையில் நின்றால் பாத்தியில் மடை மாற்றுவது யார்? ஒருவரால் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மம்பட்டி பிடித்தவர் உங்கள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை வருடமும் அந்தக் காட்டில் இரண்டு விவசாயிகள் இருந்தார்கள். ஒருவர் போய்விட்டார். இன்னொருவர் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அதற்குப் பெயர் புத்தி பேதலிப்பதா?

துக்கம் அவருக்கு இல்லாமல் இல்லை. காட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவர் அழுவாராக இருக்கும். ஆனால் எட்டு மணிக்கு வந்து சாப்பிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பசி இருக்கிறது, வேலை இருக்கிறது, பயிர் நிற்கிறது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமே இல்லை, யாரோடும் பேச்சில்லை என்று வந்தால் தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதுவரைக்கும் அவரைச் சேலத்து மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து உட்காரவைக்காதீர்கள். கணவரைப் பறிகொடுத்தவரிடமிருந்து காட்டையும் பிடுங்குவது ஞாயமில்லை. இருட்டில் தனியாகப் போகிறாரே, பாம்பு பூச்சி இருக்குமே என்ற பயம் சரியானது. நல்ல டார்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள், காலுக்குக் கனமான செருப்பு வாங்கிக் கொடுங்கள், பக்கத்துக் காட்டில் யாராவது அந்த நேரத்துக்கு வருகிறார்களா என்று பாருங்கள்.

அண்ணன் சொல்கிற குத்தகையைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவரும் அம்மாதான். இதில் சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் அப்பா சுயமாகச் சம்பாதித்தது என்கிறீர்கள். உயில் எதுவும் எழுதாமல் அவர் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. உங்கள் பாட்டி, அதாவது அப்பாவின் தாய், இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பாட்டி இல்லையென்றால் மூன்று ஏக்கர், மூன்று பேர். கணக்கு மிகவும் எளிது. இறப்புச் சான்றிதழை வைத்து இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக் கொடுப்பார்கள். பிறகு பட்டா மாறுதல். நீங்களும் அண்ணனும் மனம் ஒப்பினால் உங்கள் பங்குகளை விடுதலைப் பத்திரம் பதிவு செய்து அம்மாவுக்கே விட்டுக் கொடுக்கலாம், அது உங்கள் இருவர் விருப்பம். எப்படிச் செய்தாலும் பட்டாவில் அம்மாவின் பெயர் ஏற வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும் பயிர்க் காப்பீடு செய்யப் போனாலும் முதலில் நிலம் யார் பெயரில், அதில் என்ன பயிர் என்று காட்டுகிற சிட்டா, அடங்கலைத்தான் கேட்கிறார்கள். காலமெல்லாம் காட்டில் உழைத்தவரைக் காகிதத்தில் பெயர் இல்லாததால் 'விவசாயி இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். அப்பாவுக்குச் செய்கிற மரியாதை என்று கேட்டால், வருஷ திதிக்கு முன்னால் இதை முடியுங்கள் என்றுதான் சொல்வேன்.

மண்டபத்துக்கு வருகிறேன். அண்ணன்மேல் கோபப்படாதீர்கள். வெளியூரில் இருக்கிற மகனுக்குத் தகப்பன் இல்லாத காடு கண்ணிலேயே படுவதில்லை. அவருக்குக் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் ஏதாவது வேண்டும், அதுதான் கிரானைட்டாக வெளிப்படுகிறது. கல் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நம் பகுதியில், தர்மபுரியிலிருந்து ஆத்தூர் வரைக்கும், காட்டோரத்தில் நடுகற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இறந்த வீரனுக்காக நட்ட ஒற்றைக் கல், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் மஞ்சள் பூசி, எண்ணெய் ஊற்றிக் கும்பிடுகிறார்கள். அதற்குக் கூரையும் இல்லை, கம்பிக் கதவும் இல்லை. அதுபோல் இடுப்பளவு கல் ஒன்றைக் கிணற்றடியில் நடச் சொல்லுங்கள். அவர் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, அவர் உண்டாக்கிய மூன்று ஏக்கர் என்ற ஒரு வரி. மண்டபம் என்றால் நான்கு சென்ட் நிலம் போகும். தன் கையால் கல் பொறுக்கிச் சீராக்கிய மண்ணில் நான்கு சென்ட் சும்மா கிடப்பதை உங்கள் அப்பா ஒப்புக்கொள்வாரா என்று அண்ணனிடமே கேட்டுப் பாருங்கள். மிச்சமாகிற பணத்தில் கிணற்றைத் தூர் வாரலாம். கோடையில் சேறு அள்ளும்போது அண்ணன் இரண்டு நாள் விடுப்பு எடுத்து வந்து கூடவே நிற்கட்டும்.

கடைசியாக, கிழங்கு. கார்த்திகையில் பிடுங்கும்போது காட்டோடு மொத்தமாக விலை பேசி விட்டுவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். கிழங்கு மில்லுக்குப் போகட்டும், ஜவ்வரிசியாகட்டும். சேலம் ஜவ்வரிசி என்று 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோமே, அந்தப் பெயருக்குள் உங்கள் அப்பாவும் இருக்கிறார். குச்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மரவள்ளிக்கு நாம் விதை போடுவதில்லை, போன வருடச் செடியின் தண்டைத்தான் வெட்டி நடுகிறோம். இந்த வருடம் நிற்கிற செடி போன வருடச் செடியின் துண்டு, அது அதற்கு முந்தின வருடத்துத் துண்டு. அவர் என்றைக்கோ யாரிடமோ கேட்டு வாங்கித் தோளில் சுமந்து வந்த முதல் கட்டுக் குச்சிதான் இன்று வரை வளர்ந்துகொண்டிருக்கிறதோ என்னவோ. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள்.

ஆனால் பாசத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் குச்சியையும் எடுத்து வைக்கக் கூடாது. இலையில் மஞ்சள் திட்டு விழுந்து சுருங்கியிருந்தால் அது தேமல் நோய், குச்சி வழியாக அடுத்த பயிருக்கும் வரும். மாவுப்பூச்சியும் அப்படித்தான். அதனால் பிடுங்குவதற்கு முன்பே, இலை இருக்கும்போதே காட்டைச் சுற்றி வந்து நோயில்லாத செடிகளுக்கு அடையாளத் துணி கட்டிவிடுங்கள். சந்தேகமிருந்தால் ஏத்தாப்பூர் நிலையத்தில் காட்டுங்கள். பிடுங்கிய பிறகு அந்தக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். நடும்போது அடிக்கட்டையையும் இளம் நுனியையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியில் எட்டு பத்துக் கணு இருக்கிற மாதிரி நறுக்க வேண்டும். உங்கள் அப்பா எந்த அரிவாளால் நறுக்குவார், சாய்வாகவா நேராகவா, இதையும் அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிடுங்குகிற அன்றைக்கு அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு முந்தின நாள் இரவே ஊருக்குப் போய்விடுங்கள். ஐந்து மணிக்கு அம்மா எழும்போது நீங்களும் எழுந்து கூடப் போங்கள். போகிற வழியில் டார்ச்சை நீங்கள் பிடியுங்கள். அப்பா நட்ட முதல் சால் எந்தப் பக்கம் என்று அம்மாவைக் கேட்டு, ஆட்கள் வருவதற்கு முன் அங்கே ஒரு செடியை நீங்கள் இரண்டு பேருமாகப் பிடுங்குங்கள். தூருக்கு எத்தனை கிழங்கு இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.